நிறுத்திய படகுகளும் நிறுத்திவைத்த மனிதர்களும்

2022 மே 21 அன்று அவுஸ்திரேலியாவில் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்களிப்பு இன்னும் முடியாத வேளையில், இலங்கையிலிருந்து புறப்பட்ட ஒரு படகு, இந்து சமுத்திரத்தில் அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்மஸ் தீவை நெருங்கியபோது இடைமறிக்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. சற்று நேரத்தில், போட்டி கடுமையாக இருந்த தொகுதிகளின் வாக்காளர்களுக்கு, எல்லையைக் காக்க லிபரல் கட்சிக்கு வாக்களியுங்கள் என்ற குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது. கடலில் நடப்பவை பற்றி எதுவும் பேச முடியாது, பேசினால் ஆட்கடத்தல்காரருக்குத் துப்புக் கிடைத்துவிடும் என்று 2013 முதல் பாராளுமன்றத்துக்கும் ஊடகங்களுக்கும் சொல்லி வந்த அதே தரப்பு, அன்று ஒரு நாள் மட்டும் மௌனத்தைக் கலைத்துக்கொண்டது. அறிக்கையை உடனே வெளியிடுமாறு அதிகாரிகளுக்கு அழுத்தம் கொடுக்கப்பட்ட விதம் பின்னர் வெளியான விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது என்பது வேறு விடயம்.

தொழிற்கட்சி வெற்றி பெற்றதால் படகுக் கொள்கை மாறவில்லை. படகுகளைத் திருப்பி அனுப்புவதில் இரு பெரிய கட்சிகளுக்கும் இன்று கருத்து வேறுபாடு இல்லை. எஞ்சியிருப்பது யார் கூடுதல் கடுமையானவர் என்ற போட்டி மட்டுமே. அந்தப் போட்டியில் வெவ்வேறான இரண்டு காரியங்களை ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். புதிய படகு வராமல் தடுப்பது ஒன்று. ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்களை ஆண்டுக்கணக்கில் முடிவு சொல்லாமல் வைத்திருப்பது மற்றொன்று. இரண்டாவதை விட்டால் முதலாவது நிலைக்காது, உள்ளே இருப்பவருக்கு இரங்கினால் வெளியே இருப்பவர் படகேறிவிடுவார் என்பது கன்பராவில் கிட்டத்தட்ட ஒரு மத நம்பிக்கை. கடந்த கால் நூற்றாண்டின் நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைப்பதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் ஆறாவது நாடாக 1954 ஜனவரியில் இணைந்து, அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு அவுஸ்திரேலியா. 1976 ஏப்ரலில் ஐந்து வியட்நாமியருடன் முதலாவது படகு டார்வினை அடைந்தபோது பதவியில் இருந்தவர் லிபரல் பிரதமர் மல்கம் பிரேசர். அடுத்த சில ஆண்டுகளில் படகில் வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். தென்கிழக்காசிய முகாம்களிலிருந்து விமானத்தில் அழைத்து வரப்பட்டவர்களோ அதைவிடப் பல மடங்கினர். வலதுசாரிகள் கொடூரர், இடதுசாரிகள் இரக்கமுள்ளோர் என்று எளிதாகப் பிரித்துக்கொள்ள இந்த வரலாறு இடம் தருவதில்லை. விசாரணையின்றிக் கட்டாயமாகத் தடுத்து வைக்கும் சட்டத்தை 1992இல் கொண்டுவந்தது போல் கீட்டிங்கின் தொழிற்கட்சி அரசாங்கம். கம்போடியாவிலிருந்து வந்த சில நூறு பேரைக் கருதி எழுதப்பட்ட அச்சட்டத்தில் 273 நாட்கள் என்ற வரம்பாவது இருந்தது. 1994இல் வந்த மாற்றத்தோடு அதுவும் போயிற்று.

1999 ஒக்டோபரில் லிபரல் பிரதமர் ஜோன் ஹவார்டின் அரசாங்கம் தற்காலிகப் பாதுகாப்பு வீசாவை அறிமுகப்படுத்தியது. அகதி என்று ஏற்றுக்கொண்ட பிறகும் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளே தங்க அனுமதி. மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க உரிமை இல்லை. படகில் வந்து பயனில்லை என்று உலகுக்கு உணர்த்துவதே நோக்கம். ஆனால் 2001இல் படகில் வந்தோர் தொகை ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. முன்பு கணவன் தனியே வந்து பிறகு குடும்பத்தை முறைப்படி அழைத்துக்கொள்வான். அந்த வழி அடைபட்டதும் குடும்பங்களே படகேறின. 2001 ஒக்டோபர் 19 அன்று இந்தோனேசியாவிலிருந்து புறப்பட்டு மூழ்கிய படகில் 353 பேர் இறந்தார்கள். அவர்களில் 146 பேர் குழந்தைகள், 142 பேர் பெண்கள். தந்தை சிட்னியில் தற்காலிக வீசாவுடன் இருக்க, அவரிடம் போய்ச் சேர வேறு வழியில்லாத குடும்பங்களும் அப்படகில் இருந்தன. அந்தப் படகுக்கு இன்றுவரை பெயர் கிடையாது; அதிகாரிகள் இட்ட குறியீட்டால்தான் அறியப்படுகிறது.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் டம்பா விவகாரம் நடந்தது. மூழ்கிக்கொண்டிருந்த மரப்படகொன்றிலிருந்து, பெரும்பாலும் ஆப்கான் ஹசாரா இனத்தவரான 433 பேரைக் காப்பாற்றிய டம்பா என்ற நோர்வே நாட்டுச் சரக்குக் கப்பலை, கிறிஸ்மஸ் தீவில் அவர்களை இறக்கவிடாமல் சிறப்புப் படையினரை ஏற்றி நிறுத்தினார் ஹவார்ட். இதைத் தொடர்ந்தே பசிபிக் தீவு நாடான நவுறுவிலும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவிலும் முகாம்கள் உருவாயின. குழந்தைகளைக் கடலில் வீசினார்கள் என்று ஒக்டோபரில் அமைச்சர்கள் கூறியது பொய் என்பதைச் செனற் விசாரணை பின்னர் உறுதிசெய்தது. ஆனால் நவம்பர் தேர்தல் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

2008இல் தொழிற்கட்சிப் பிரதமர் கெவின் ரட் நவுறு முகாமை மூடித் தற்காலிக வீசாவையும் ஒழித்தார். படகுகள் மீண்டும் வந்தன. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு புறப்பட்ட நம்மவர்கள் அவற்றில் பெருந்தொகையாக இருந்தார்கள். 2009 ஒக்டோபரில் ஓஷியானிக் வைக்கிங் என்ற அவுஸ்திரேலியக் கப்பல் 78 இலங்கைத் தமிழரைக் கடலில் மீட்டு இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் வாரக்கணக்கில் இறங்க மறுத்தார்கள். இந்தோனேசியாவின் மேராக் துறைமுகத்தில் இன்னொரு படகில் இருநூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் மாதக்கணக்கில் இறங்காமல் இருந்ததும் அதே காலத்தில்தான். 2010 ஏப்ரலில் இலங்கையரின் புதிய விண்ணப்பங்களை மூன்று மாதங்களுக்குப் பரிசீலிப்பதில்லை என்று அதே ரட் அரசாங்கம் முடிவெடுத்தது. போர் முடிந்துவிட்டதால் நிலைமை மாறிவருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த வேளையில் வன்னி மக்களில் கணிசமானோர் இன்னும் முட்கம்பிக்குள் இருந்தார்கள்.

கடுமையான கொள்கையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இங்கேதான் வருகிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையல்ல. 2010 டிசெம்பர் 15 அன்று கிறிஸ்மஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதிச் சிதறி 50 பேர் இறந்ததை, கரையிலிருந்த மக்கள் கயிறும் உயிர்காப்பு அங்கியும் வீசியபடி கண்ணால் பார்த்தார்கள். 2008க்கும் 2013க்கும் இடையில் இந்தக் கடற்பாதையில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். வரவிடுவதே இரக்கம் என்று பேசிய பலர், என் நண்பர்கள் சிலர் உட்பட, இந்த எண்ணுக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். படகுகளை நிறுத்த முனைவதே அறமற்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் நிறுத்தியது எது? 2011இல் ரட்டுக்குப் பின் வந்த ஜூலியா கில்லார்டின் தொழிற்கட்சி அரசாங்கம், படகில் வரும் 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பி அங்கிருந்து 4,000 அகதிகளை ஏற்க உடன்பாடு செய்தது. உயர் நீதிமன்றம் ஓகஸ்டில் அதைத் தடுத்தது. சட்டத்தைத் திருத்தி அதை மீட்க முயன்றபோது, 2012 ஜூனில் பசுமைக் கட்சியும் லிபரல், நஷனல் கட்சிகளின் எதிர்க்கட்சிக் கூட்டணியும் சேர்ந்து செனற்றில் தோற்கடித்தன. மலேசியா அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடாத நாடு என்பது அன்று கூட்டணி சொன்ன காரணம். ஓராண்டு கழித்து ஆட்சிக்கு வந்து அவர்கள் படகுகளைத் திருப்பிவிட்ட இந்தோனேசியாவும் கையெழுத்திடாத நாடுதான். 2012 ஓகஸ்டில் நவுறுவை மீண்டும் திறக்க முடிவாயிற்று. படகுகள் குறையவில்லை, 2013இல் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2013 ஜூலை 19 அன்று, இனிப் படகில் வரும் எவரும் அவுஸ்திரேலியாவில் ஒருபோதும் குடியமர முடியாது என்று, மீண்டும் பிரதமராகியிருந்த ரட் அறிவித்த பிறகே எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. செப்டெம்பரில் பதவியேற்ற டோனி அபொட், இராணுவத் தளபதி ஒருவரின் தலைமையில் எல்லை இறைமை நடவடிக்கையைத் தொடங்கிப் படகுகளை நடுக்கடலில் திருப்பியபோது அது ஏறக்குறைய முற்றாக நின்றது.

திருப்புவதற்கும் ஒரு விலை உண்டு. 2014 ஜூலையில் 41 இலங்கையர் கடலிலேயே சுருக்கமாக விசாரிக்கப்பட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் கையளிக்கப்பட்டார்கள். எவரிடமிருந்து தப்பி ஓடுவதாக ஒருவர் சொல்கிறாரோ அவரிடமே கொண்டுபோய் ஒப்படைப்பது அகதிகள் சமவாயத்தின் 33ஆவது உறுப்புரை எதைத் தடுக்கிறதோ அதுவே. அதற்கு முந்திய ஆண்டு கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாட்டின்போது, படகுகளைத் தடுக்கவென அந்தக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களை அபொட் அன்பளிப்புச் செய்திருந்தார். புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்களோ ஏறக்குறைய ஒரு மாதம் சுங்கக் கப்பலொன்றின் யன்னலற்ற அறைகளில் வைக்கப்பட்டார்கள். அந்தத் தடுப்பு சட்டப்படியானதே என்று 2015 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

நம் சமூகத்துக்குள் இதைப் பற்றி நடக்கும் பேச்சு வெளியில் தெரிவதில்லை. கோயில் மண்டபங்களிலும் பிறந்தநாள் விருந்துகளிலும், எண்பதுகளில் வந்து வீடு வாசலோடு இருப்பவர்கள், “நாங்கள் முறைப்படி வந்தனாங்கள், வரிசையிலை நிண்டு வந்தனாங்கள்” என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் தொழில்திறன் வீசாவில் விமானத்தில் வந்து இறங்கியவன்தான். நான் நின்றது பொறியியலாளர்களின் வரிசை. அகதிகளின் வரிசையில் நான் ஒருநாளும் நிற்கவில்லை, இதைச் சொல்பவர்களில் பலரும் நிற்கவில்லை. அந்த வரிசை என்பதே பெரும்பகுதி அரசாங்கம் உண்டாக்கியது. 1996இல் ஹவார்ட் அரசாங்கம் உள்நாட்டில் அகதியாக ஏற்கப்படுவோரையும் வெளிநாட்டு முகாம்களிலிருந்து அழைக்கப்படுவோரையும் ஒரே தொகைக்குள் அடக்கியது. அதன்படி, இங்கே படகில் வந்த ஒருவருக்கு வீசா கொடுத்தால் கென்ய முகாமில் காத்திருக்கும் ஒருவரின் இடம் குறையும். படகில் வந்தவன் முகாமில் இருப்பவனின் இடத்தைப் பறித்தான் என்ற குற்றச்சாட்டு அதற்குப் பிறகு கணக்கில் உண்மையாயிற்று. ஆனால் கணக்கை அப்படி எழுதியது அவனல்லன். 2014 நவம்பரிலோ, அந்த ஆண்டு ஜூலை முதல் இந்தோனேசியாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் பதிவு செய்தவர்களை ஏற்கமாட்டோம் என்று அப்போதைய அமைச்சர் ஸ்கொட் மொறிசன் அறிவித்தார். வரிசையில் நில் என்று சொன்னவர்களே, நிற்கப் போனவர்களுக்கும் கதவைச் சாத்தினார்கள்.

இனி உள்ளே இருப்பவர்களின் கதைக்கு வருகிறேன். 2012 ஓகஸ்ட் 13க்கும் 2014 ஜனவரிக்கும் இடையில் படகில் வந்து, தீவுகளுக்கு அனுப்பப்படாமல் பெருநிலப்பரப்பில் விடப்பட்டவர்களும், அவர்களோடு ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களும் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர். 2012இல் மட்டும் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திருந்தார்கள் என்பதால் நம்மவர்கள் இதில் நிறையப் பேர். அமைச்சரின் அனுமதி இல்லாமல் இவர்கள் பாதுகாப்பு வீசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அந்த அனுமதி ஆண்டுகளாக வரவில்லை. முதல் சில காலம் பலருக்கு வேலை செய்யவும் உரிமை இல்லை. 2014 மார்ச்சில் அரச சட்ட உதவி வெட்டப்பட்டது. அந்த ஆண்டு டிசெம்பரில் வந்த சட்டம் தற்காலிக வீசாவை மீட்டதோடு, இவர்களுக்கென ஒரு துரித நடைமுறையையும் உருவாக்கியது. நிராகரிக்கப்பட்டவரின் மேன்முறையீட்டை ஒரு தனி அமைப்பு பெரும்பாலும் ஆளை அழைக்காமல், கோப்பை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கும். முதல் நேர்காணலில் சொல்லாமல் விட்டதைப் பிறகு சொல்ல, விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். சித்திரவதைக்கு உள்ளான ஒருவர், அதிலும் ஒரு பெண், அறிமுகமில்லாத மொழிபெயர்ப்பாளரின் முன் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்து எழுதப்பட்ட சட்டம் அது. பிறகு 2017 மே மாதத்தில், ஒக்டோபர் முதலாம் திகதிக்குள் விண்ணப்பிக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அமைச்சர் பீற்றர் டட்டன் கெடு விதித்தார். விண்ணப்பிக்காதவர்கள் போலி அகதிகள் என்ற தொனியில் பேசினார்.

அந்தக் கெடுவின்போது, அறுபது பக்கத்தை நெருங்கும் ஆங்கிலப் படிவங்களை நிரப்பத் தன்னார்வச் சட்டத்தரணிகளுக்கு உதவியாக மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். கோழி பதப்படுத்தும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேரே வந்திருந்த முல்லைத்தீவு இளைஞர் ஒருவர் மேசையின் மறுபக்கம் இருந்து கேட்டார்: “அண்ணை, நான் கேஸ் போடப் பிந்திப்போனன் எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்கள். போட விட்டவையே?” அவருடைய கேள்வியை அப்படியே மொழிபெயர்த்தேன். சட்டத்தரணி சிரிக்கவில்லை, விண்ணப்பிக்க அனுமதிக்கும் கடிதம் வந்த திகதியைப் பெரிய எழுத்தில் கோப்பின் மேல் எழுதிக்கொண்டார்.

இந்த மக்களின் வாழ்வை நெருக்கியது கடல்வழியைப் பாதுகாக்க உதவியதா? 2014க்குப் பிறகு திருப்பி அனுப்பும் கப்பல்களே அந்த வேலையைச் செய்தன. அதன்பின் 2023 வரை புதிதாக ஒருவரைக்கூட நவுறுவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் 2013 ஜூலை 19க்குப் பிறகு தீவுகளுக்கு அனுப்பப்பட்ட 3,127 பேர் அங்கேயே வைக்கப்பட்டார்கள். மனுஸ் தடுப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று பப்புவா நியூகினியின் உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலில் கூறிய பிறகும் முடிவு வரவில்லை. ஆண்டுக்கு 150 பேரை ஏற்பதாக நியூசிலாந்து 2013 பெப்ரவரியிலேயே முன்வந்தது. அது அவுஸ்திரேலியாவுக்குப் பின்கதவாகிவிடும், படகுகள் திரும்பிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் மறுத்துவிட்டு, 2022 மார்ச்சில் மொறிசன் அரசாங்கமே அதை ஏற்றுக்கொண்டது. ஒபாமாவுடன் செய்த உடன்பாட்டின்படி அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்காவில் குடியமர்ந்தார்கள். இந்த இரண்டில் எதுவும் படகுகளை அழைத்து வரவில்லை.

குவீன்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் விடிகாலையில் வீடு புகுந்து பெற்றோரையும் இங்கே பிறந்த இரு பெண் குழந்தைகளையும் கொண்டுபோனார்கள். 2019இல் நாடு கடத்தும் விமானம் பறந்துகொண்டிருக்கையில் நீதிமன்றத் தடையால் டார்வினில் இறக்கப்பட்டு, குடும்பம் கிறிஸ்மஸ் தீவுக்குப் போயிற்று. தொழிற்கட்சிக்கும் பசுமைக் கட்சிக்கும் பழக்கமில்லாத, இறைச்சித் தொழிற்சாலையும் நிலக்கரியுமாக வாழும் அந்த ஊர் மக்கள்தான் நான்கு ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்தார்கள். விதிவிலக்குக் கொடுத்தால் ஆட்கடத்தல்காரர் கொண்டாடுவார்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. 2022 ஓகஸ்டில் அவர்களுக்கு நிரந்தர வீசா கிடைத்தது. 2023 பெப்ரவரியில், தற்காலிக வீசாவில் இருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கும் நிரந்தர வதிவிட வழி திறக்கப்பட்டது. படகுகள் அணிவகுக்கும் என்று எதிர்க்கட்சி எச்சரித்தது. அதற்குப் பிறகு ஒரு சில படகுகள் வந்தன. 2024 பெப்ரவரியில் மேற்கு அவுஸ்திரேலியக் கரையில் இறங்கிய ஏறக்குறைய நாற்பது பேர் உடனே நவுறுவுக்கு அனுப்பப்பட்டார்கள். அணிவகுப்பு எதுவும் நடக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அச்சம் மட்டும் குறையவில்லை. நாடு கடத்த வழியில்லாத ஒருவரைக் காலவரையின்றித் தடுத்து வைப்பது சட்டவிரோதம் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, தான் 2004இல் சொன்னதையே மாற்றியபோது, பாராளுமன்றம் சில நாட்களில் கணுக்கால் கண்காணிப்புக் கருவியும் ஊரடங்கும் அடங்கிய சட்டத்தை நிறைவேற்றியது. ஓராண்டு கழித்து, இப்படிப்பட்டவர்களை ஏற்கும் மூன்றாம் நாடுகளுக்குப் பணம் கொடுக்க இன்னொரு சட்டம். 2025இல் நவுறுவுடன் உடன்பாடு. தொழிற்கட்சி கொண்டுவந்தது, கூட்டணி ஆதரித்தது. இதில் விவாதம் என்று சொல்ல எதுவும் இல்லை.

துரித நடைமுறையில் நிராகரிக்கப்பட்டவர்கள் இன்னும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த நடைமுறை நியாயமற்றது என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது தொழிற்கட்சி சொன்னது. கோப்பை மட்டும் பார்த்த அந்த அமைப்பை 2024 ஒக்டோபரில் மூடியும் விட்டது. ஆனால் அது வழங்கிய முடிவுகள் செல்லுபடியாகவே இருக்கின்றன. அமைப்பு தவறானது என்றால் அதன் தீர்ப்புகளை மறுபடி கேட்க வேண்டாமா என்பதற்கு, ஒவ்வொருவரும் அமைச்சரின் தனிப்பட்ட அதிகாரத்தை நாடலாம் என்பதே பதில். 2023இல் இப்படிப்பட்ட நிலையில் உள்ள பெண்கள் மெல்பேர்ணிலிருந்து கன்பரா வரை நடந்தே போனார்கள். அவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்ட நிரந்தர வீசாவைக் கொடுக்கப் புதிய சட்டம் தேவையில்லை. இந்த மக்கள் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வேலை செய்து வரி கட்டுகிறார்கள். 2014 ஜனவரிக்குப் பிறகு வந்த எவருக்கும் இந்தச் சலுகை பொருந்தாது என்று ஒரு வரியில் எழுதி அமைச்சர் கையெழுத்திட்டால் போதும். கடலில் நிற்கும் ரோந்துக் கப்பல் எதையும் அதற்காக அழைக்க வேண்டியதில்லை. 19,000 பேருக்குச் செய்தபோது எந்த விபரீதமும் நடக்காத ஒன்றை, மிச்சமுள்ளவர்களுக்குச் செய்ய அஞ்சுவதற்கு அடுத்த தேர்தலின் குறுஞ்செய்தியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.